கண்ணாடிக்குள் ஒரு காடு

எங்கள் இல்லத்துக்கு வரும் சங்க அன்பர்கள் பலரும் கூடத்து மூலையில் உள்ள கண்ணாடித் தொட்டியைக் கண்டவுடன், "மீன் வளர்க்கிறீர்களா?" என்று வினவுவது வழக்கமாகிவிட்டது. மீன் உண்டு, ஆயினும் அது மீன் தொட்டி அன்று. மரமும் பாசியும் செடியும் நீருக்கடியில் அடர்ந்து நிற்கும் ஒரு சிறு காடு அது. மீன்கள் அக்காட்டின் பறவைகளே அன்றி அதன் உரிமையாளர்கள் அல்ல. அதனை அமைத்த விதத்தை எழுதித் தருமாறு இதழாசிரியர் பணித்தமையால் எழுதத் துணிந்தோம். எங்களுக்குப் பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படிப்பில்லை. பகற்பொழுது சரக்குக் கணக்கேடுகளோடு கழிகிறது. ஆகவே பெரும்பாலும் கண்ணால் கண்டதையும் கைப்பட அறிந்ததையுமே சொல்வோம்.

இப்பாணியை உலகறியச் செய்தவர் ஜப்பான் நாட்டு நீகாத்தாவைச் சேர்ந்த தகாஷி அமானோ என்பவர். 1954இல் பிறந்த அவர் முதலில் மிதிவண்டிப் பந்தய வீரர். பின்னர் மழைக்காடுகளைத் தேடிச் சென்று ஒளிப்படம் எடுத்த கலைஞர். அவருக்கு முன்னரே ஹாலந்து நாட்டினர் தொட்டிக்குள் செடி வளர்ப்பதில் தேர்ந்திருந்தனர். ஆனால் அவர்களுடைய தொட்டி பூங்காவின் பாத்திகளைப் போல வரிசை வரிசையாக இருக்கும். அமானோவோ, காடு தன் போக்கில் நிற்பது போலவே தொட்டியும் நிற்க வேண்டும் என்று கருதினார். லிஸ்பன் நகரத்து மீன் காட்சிச் சாலையில் அவர் அமைத்த நீரடிக் காடு 2015இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 40 மீட்டர். கொள்ளளவு 1,60,000 லிட்டர். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அந்த நாற்பது மீட்டர் எங்கே, எங்கள் இரண்டடி எங்கே! எனினும் கொள்ளுப்பாட்டனின் சாயல் கொள்ளுப்பேரனிடம் சிறிது இருக்கத்தானே செய்யும்.

எங்கள் வாசம் கரக்பூரில், இரயில்வே குடியிருப்பில். ஈராண்டுகளுக்கு முன் தந்தையார் காலமானபின், சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரில் தனித்திருந்த அன்னையாரை இங்கு அழைத்து வந்தோம். தெருவில் ஒலிப்பன வங்காளமும் இந்தியும் தெலுங்குமே. பேத்தியோ தோழியரோடு இந்தியிலேயே சிரித்து இந்தியிலேயே சண்டையிடுகிறாள். அன்னையார் நாள் முழுதும் சன்னலருகே அமர்ந்திருப்பார். மாலையில் நாங்கள் வீடு திரும்பியதும் அவர் கேட்கும் முதல் வினா, "எனக்கு எப்பப்பா டிக்கெட்டு எடுக்கப் போற?" என்பதே. இரயில்வே ஊழியனாகிய மகன் டிக்கெட்டு கிடைக்கவில்லை என்று சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? தொட்டி அவர் பொருட்டு வாங்கப்பட்டதன்று. எட்டு வயது மகளின் பிடிவாதமே அதற்குக் காரணம்.

இனி அமைத்த விதம். தொட்டி 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உடையது. கணக்குப்படி 56 லிட்டர் கொள்ளும். மண்ணும் மரமும் போக 45 லிட்டர் அளவே நீர் நிற்கிறது. நீர், மண், கண்ணாடி அனைத்தும் சேர்ந்து 70 கிலோ அளவில் வருமாதலின் உறுதியான இரும்புச் சட்டத்தின்மேல் வைத்தோம். வெயில் நேரே விழும் இடம் ஆகாது. அடியில் எருக் கலவாத தோட்டத்து மண்ணைச் சலித்து ஓரங்குலம் பரப்பி, அதன்மேல் கழுவிய பருமணலை ஓரங்குலம் போர்த்தினோம். மேல்மணல் இல்லையேல் மண் கலங்கி நீர் தெளியவே தெளியாது. பின்புறம் மட்டும் மண்ணை நான்கங்குலம் வரை உயர்த்தினோம். முன்னே தாழ்ந்து பின்னே உயரும் நிலம் ஓரடி அகலத்தையும் ஒரு காதத் தொலைவாகக் காட்டும். நடுவே ஒரு மணற்பாதை. முன்னே அகன்று, பின்னே போகப் போகக் குறுகி மறைவது. பெரிய இலைச் செடிகள் முன்புறம், சிற்றிலைச் செடிகள் பின்புறம். இவை கண்ணை ஏமாற்றும் வித்தைகளே. ஆனால் இவ்வித்தை இல்லாவிடில் காடு வராது, கீரைப்பாத்திதான் வரும்.

காட்டுக்கு மரம் வேண்டுமே! ஞாயிறுதோறும் கொல்கத்தாவில் பாக்பஜாரை அடுத்த காலிஃப் தெருவில் மீன், பறவை, செடி யாவும் விற்கும் சந்தை கூடுகிறது. அதிகாலை லோக்கல் வண்டியில் ஹௌரா சென்று, அங்கிருந்து சந்தையை அடைந்து, கிளை கிளையாகப் பிரிந்த வேர்க்கட்டை ஒன்றை வாங்கினோம். வேரைத் தலைகீழாக நிறுத்தினால் அதன் கிளை வேர்களே மரத்தின் கொம்புகளாகிவிடும். புதிய கட்டை மிதக்கும். நீரையும் தேயிலைச் சாறு போலாக்கும். கொதிநீர் ஊற்றி வாளியில் ஊறவைத்து, இரண்டு நாளுக்கொருமுறை நீர் மாற்றி, மூன்று வாரம் காத்திருந்தபின் அது தானே மூழ்கியது. கொம்புகளின் நுனியில் ஜாவா மாஸ் என்னும் பாசியைப் பருத்தி நூலால் கட்டினோம்; அதுவே தழை. அடிமரத்தில் அனுபியாஸ், ஜாவா பெரணி. இவ்விரண்டின் கிடைத்தண்டை மண்ணில் புதைக்கலாகாது, அழுகிவிடும். மரத்தோடு கட்டிவைத்தால் தாமே பற்றிக்கொள்ளும். நிலத்தில், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட வென்டி என்னும் கிரிப்டோகொரைன். மேலும், கடைக்காரர் "நிச்சயம் முளைக்கும்" என்று சொல்லிக் கொடுத்த, அப்போனோஜெட்டான் இனத்துக் கிழங்குச் செடிகள் நான்கு.

இரண்டாம் வாரத்தில் வந்தது சோதனை. கிரிப்டோகொரைனின் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி போல் ஆகிக் கூழாகக் கரைந்தன. கிழங்குச் செடிகளின் இலைகளும் பழுத்துச் சாய்ந்தன. நீர் நாறியது. மூன்று ஞாயிறுகளின் உழைப்பும், குடும்பத்துக்குச் சிறிதல்லாத தொகையும் கண்ணெதிரே அழுகின. மகள் அழுதாள். இல்லாள் வாளியைக் கொணர்ந்து வைத்து, அனைத்தையும் வாரிக் கொட்டிவிடலாம் என்றாள். அப்பொழுதுதான், அதுவரை தொட்டியை ஏறெடுத்தும் பாராத அன்னையார் எழுந்து வந்து, கண்ணாடியருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். பின்பு முழங்கை வரை நீருக்குள் விட்டு ஒரு கிழங்கை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது கொட்டிக் கிழங்குல்ல? கல்லு மாதிரி இருக்கு. எல போனா என்ன தாயி, கெழங்கு சாகலையே. கொட்டாத" என்றார் மருமகளை நோக்கி.

பின்னர் அவர் சொன்னதை எல்லாம் இங்கு எழுத இடமில்லை. ஓராண்டாக வாய் திறவாதவர் அன்றிரவு முழுதும் பேசினார். அவரூர்க் கண்மாயில் நீர் நிறைந்த காலத்தில் கொட்டி தழைத்துக் கிடக்குமாம். கோடையில் கண்மாய் வெடித்துப் பாளமாகும்போது இலை இருந்த தடமும் இராதாம். மழையற்ற ஆண்டுகளில் அவருடைய தாயார் அக்களிமண்ணைத் தோண்டிக் கிழங்கெடுத்து அவித்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த மழைக்குத் தோண்டாமல் விட்ட கிழங்குகள் மீண்டும் இலை விடுமாம். மகள் வாய் பிளந்து கேட்டாள். புரியாத சொல்லுக்கெல்லாம் பொருள் கேட்டாள்.

கொட்டியை ஔவையார் மூதுரையில் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்து வைத்திருப்பதை நேயர்கள் அறிவர். குளம் வற்றியதும் பறந்து செல்லும் பறவைகள் ஒருபுறம், வற்றினும் அங்கேயே கிடக்கும் இம்மூன்றும் மறுபுறம். பள்ளியில் அதனை நெட்டுருச் செய்து பரிசும் பெற்றவர்கள் நாங்கள். ஆயினும் கொட்டி யாது என்று கண்டது கரக்பூரிலேதான். பிழைப்பை நாடி ஆயிரம் மைல் பறந்து வந்த எங்களைப் போன்றோர்க்கு அச்செய்யுள் சற்றுக் கசப்பானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்னையாருக்கு அப்பாட்டுத் தெரியாது. ஆகவே அவர் எங்களை எந்தப் புறத்தில் வைத்திருக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

இலை கரைவதன் காரணத்தைப் பின்னர்ப் படித்தறிந்தோம். பண்ணைகளில் இச்செடிகள் பலவற்றை நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கின்றனர். அவ்விலைகள் காற்றுக்கு உரியவை. நீருக்குள் வாழ அவற்றால் இயலாது. இடம் மாறினாலும் நீரின் தன்மை மாறினாலும் கிரிப்டோகொரைன் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, அந்நீருக்கேற்ற புதிய இலைகளை வேரிலிருந்து விடும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை செய்ய வேண்டுவது, அழுகிய இலைகளைக் கத்தரித்து நீக்குதலும், ஒன்றுவிட்டு ஒருநாள் சிறிது நீரை மாற்றுதலுமே. வேரைப் பிடுங்கிப் பார்த்தல் கூடவே கூடாது. எங்கள் தொட்டியில் இருபத்திரண்டாம் நாள் முதற்குருத்து தோன்றியது. கண்டவர் அன்னையாரே, தொலைபேசியில் அலுவலகத்துக்கே செய்தி வந்தது.

மீன் விடுவதற்கும் இதே பொறுமை வேண்டும். அழுகும் பொருளும் மீன் கழிவும் அம்மோனியாவைத் தரும். அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். செடிகள் அதனை உண்ணும். வண்டிக்கு வண்டி சரக்கு மாற்றுவது போன்றதே இது. நடுவே ஒரு கூட்டம் வேலைக்கு வராவிடில் நிலையமே நாறிவிடும். இந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆறாம் வாரம் எட்டு ஜீப்ரா மீன்கள் விட்டோம். நீலக்கோடுகள் உடைய இச்சிறு மீன் இப்பகுதிக்கே உரியது. 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலிலேயே இதன் வருணனை உண்டு. வங்காளத்து மீன், தமிழ்நாட்டுக் கிழங்கு, இலங்கைச் செடி! எங்கள் குடியிருப்பும் ஏறத்தாழ அப்படித்தான்.

நாள்தோறும் பேணுவது எளிது. விளக்கு ஏழு மணி நேரம். மிகுந்தால் வழுவழுத்த பாசி படரும். தமிழில் மாஸும் பாசி, அழுக்கும் பாசி ஆதலின் அன்னையார் ஒன்றை நல்ல பாசி என்றும் மற்றதைக் கெட்ட பாசி என்றும் வழங்குகிறார். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறோம். குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலின் முதல்நாளே வாளியில் பிடித்துவைத்து விடுவோம். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து கரியமில வாயு ஊட்டுவோர் உண்டு. நாங்கள் சொன்ன செடிகளுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். மே மாதத்தில் நீர் 33 பாகையைத் தொட்டபோது, நீர்ப்பரப்பின்மேல் காற்று படுமாறு ஒரு சிறு மின்விசிறியை வைத்தோம். 30 பாகைக்கு இறங்கியது.

சென்ற பங்குனியில் அன்னையார் குலதெய்வ வழிபாட்டுக்கு ஊர் சென்றார். இருபது நாளும் மாலைதோறும் தொலைபேசியில் கேட்டது, தண்ணீர் மாற்றியாயிற்றா என்பதே. திரும்பி வருகையில் ஈரத்துணியில் பொதிந்து, வற்றிய கண்மாயிலிருந்து இரண்டு கொட்டிக் கிழங்குகளைக் கொணர்ந்தார். வெளியிடத்துக் கிழங்கோடு நத்தை முட்டைகளும் வேண்டாத உயிர்களும் வரக்கூடுமாதலின் ஒரு மாதம் தனி வாளியில் வைத்திருந்து, பின்னரே தொட்டியில் நட்டோம். ஒன்று முளைத்து நான்கு இலை விட்டிருக்கிறது. மற்றொன்று இன்னும் உறங்குகிறது. டிக்கெட்டுப் பேச்சு இப்பொழுதும் எழுவதுண்டு, நாள்தோறும் எழுவதில்லை.

நல்ல பாசி மரத்தை மூடுமளவு வளர்ந்துவிட்டமையால் ஞாயிறுதோறும் கத்தரிக்கிறோம். கிரிப்டோகொரைன் கன்றுகளும் சில உள்ளன. வேண்டும் அன்பர்கள் மூடியுள்ள பாத்திரம் ஒன்றுடன் வந்து பெற்றுச் செல்லலாம், விலை ஏதுமில்லை. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மட்டும் வர வேண்டாம். அந்நாட்களில் வீட்டிலிருந்து எதனையும் எடுத்துக் கொடுக்க அன்னையார் இசைவதில்லை.