கண்டி மாநகரும் காற்றில் கலந்த உலோகமும்

மலைநாட்டுக் காற்று நோய் தீர்க்கும் என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. ஹந்தானை மலையும் உடவத்தைக் காடும் சூழ, நடுவே வாவி விளங்கும் கண்டி மாநகரைக் கண்டவர் எவரும் அந்நம்பிக்கையை ஐயுறார். ஆயினும், கண்ணுக்கினிய அம்மலைகளே நகரின் மாசுபட்ட காற்றை வெளியேற விடாது தடுக்கும் மதில்களாகவும் நிற்கின்றன என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

கண்டி ஒரு கிண்ணத்தின் அடியில் அமைந்த நகர். இரவிற் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்திலே தங்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோற் கவிகிறது. கதிரவன் ஏறி நிலம் சூடாகும்வரை கீழேயுள்ள புகை மேலெழ வழியில்லை. பேராதனை, கட்டுகஸ்தோட்டை வீதிகளால் வாகனங்கள் நகருட் புகுவதும் அவ்வேளையிலேதான். பெயர்பெற்ற கல்லூரிகள் பல நகர நடுவிலேயே இருப்பதால், நம் பிள்ளைகள் புகையினூடே நடப்பதும் அவ்வேளையிலேயே.

அப்புகையிலும் தூசியிலும் என்ன இருக்கிறது? கண்டியில் வானிலிருந்து படியும் தூசியையும் மழைநீரையும் ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அவற்றில் ஈயம், குரோமியம், நாகம் முதலிய உலோகங்களைக் கண்டது. இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் மண்ணிலிருந்து எழுவன. நாகமோ வாகனங்களிலிருந்தும் நாகம் பூசிய கூரைத் தகடுகளிலிருந்தும் வருவதாக ஆய்வாளர் கருதினர். புகைக்குழாய் மட்டுமே குற்றவாளியன்று. தேயும் டயரும் பிறேக்குக் கட்டையும் உலோகத் துகளை உதிர்க்கின்றன.

ஈயத்தின் கதை தனியானது. எஞ்சின் அதிர்வைத் தணிக்கப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கும் முறை அமெரிக்காவில் 1921இற் கண்டறியப்பட்டது. இலங்கை 2002இல் அதனைக் கைவிட்டது. 2021இல் அல்ஜீரியாவும் கைவிட, உலகெங்கும் வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் விற்பனை ஒழிந்தது. ஆயினும் ஈயம் எரிந்து மறையும் பொருளன்று. வீதியோர மண்ணிற் படிந்தது அங்கேயே கிடந்து, காற்றடிக்கும்போது மீண்டும் எழும். பழைய வர்ணப்பூச்சும் உடைத்தெடுக்கப்படும் பற்றரிகளும் அதனோடு புதிதாய்ச் சேர்க்கின்றன.

ஈயத்தில் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. வயிற்றினுட் சென்ற ஈயத்தைச் சிறுகுழந்தையின் உடல் வளர்ந்தவரைவிட நாலைந்து மடங்கு ஏற்றுக்கொள்கிறது. அது எலும்பிலே தங்கி, வளரும் மூளையின் கூர்மையை மழுக்குகிறது. கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; குரோமியத்தின் ஒருவகை நுரையீரலிற் புற்றுநோய் விளைக்கும்.

நாம் செய்யக்கூடியன பல உள. வீட்டை உலர்ந்த துடைப்பத்தாற் கூட்டாது ஈரத்துணியால் துடைத்தல், உண்ணுமுன் பிள்ளைகளைக் கைகழுவச் செய்தல், வீதியோரத்தில் மூடாது வைத்த பண்டங்களைத் தவிர்த்தல் ஆகியன செலவற்றவை. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக ஏற்கும். ஆதலின் கீரையும் பாலும் சிறுமீனும் நல்ல காவல்.

எல்லாவற்றினும் மேலாக, பாடசாலை வாயிலிற் காத்திருக்கும் பெற்றோர் எஞ்சினை நிறுத்திவிடலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு காரென்பதை விடுத்துப் பல பிள்ளைகள் ஒரே வாகனத்தில் வரலாம். பிள்ளையின் கல்விக்காகவே நகரின் நடுவுக்கு வருகிறோம். அக்கல்வியைப் பெறவேண்டிய மூளையைக் காத்துக் கொடுப்பதும் நம் கடனேயன்றோ?