இடமறிந்த கிண்ணம்

மது என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது ஒரு குடும்பத்தின் அழிவே. என் சிறிய தகப்பனார் நல்ல உழைப்பாளி. சாராயத்தினால் நாற்பத்திரண்டாம் வயதில் மாண்டார். அவர் வீட்டிலே எவர் முன்னிலையிலும் குடித்ததில்லை. ஒழுங்கை மூலையில், இருளில், வெறும் வயிற்றோடு நின்றபடியே குடிப்பார். போத்தல் வெறுமையான பின்னரே வீடு திரும்புவார். அதனால் எங்கள் வீட்டில் மதுவைப் பற்றிய பேச்சே விலக்கப்பட்டிருந்தது.

அவ்வீட்டில் வளர்ந்த என் தமையனார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாரிஸ் நகரில் வாழ்கிறார். சென்ற ஆவணி விடுமுறையில் அவரிடம் போயிருந்தேன். முதல்நாள் இரவு மச்சாள் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறினார். அவற்றின் நடுவே செம்மதுப் போத்தல் ஒன்று இருந்தது. "தம்பி, விருப்பமெண்டால் குடி, இல்லாட்டித் தண்ணி இருக்கு" என்றார் அண்ணர். அருந்தினேன். அதன் சுவை என் மனத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பூஜொலே மலைச்சாரலிலுள்ள புளூரி என்னும் ஊரின் மது அது. கமே என்னும் கருநிற முந்திரிகைப் பழத்திலிருந்து வடிப்பது. அப்பழத்தின் சாறு நிறமற்றது. தோலோடு ஊறும்போதே சிவப்பேறுகிறது. துவர்ப்பு மிகுந்த மதுவை நம் உறைப்புக் கறியோடு அருந்தினால் நா எரியும். இதிலோ துவர்ப்புக் குறைவு. சற்றே குளிரவைத்து அருந்தினால் முதலில் பூவின் மணமும், பின்னர் பழத்தின் இன்புளிப்பும் தோன்றும்.

இக்கொடிக்கு ஒரு வரலாறு உண்டு. 1395ஆம் ஆண்டு பேர்கண்டிப் பிரபுவாகிய பிலிப்பு, தம் நாட்டிலிருந்து இதனை வேரோடு களையும்படி கட்டளையிட்டார். அங்கே இழிவாக எண்ணப்பட்ட கொடி, தெற்கேயுள்ள பூஜொலேயின் கருங்கல் மண்ணிலே சிறப்புற்றது. எப்பொருளுக்கும் உரிய இடம் ஒன்றுண்டு போலும்.

மதுவுக்குரிய இடத்தைப் பிரெஞ்சு மக்களும் மெல்ல மெல்லவே கற்றனர். அந்நாட்டுப் பள்ளி உணவுச்சாலைகளில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மது கொடுப்பது 1956இலேதான் தடுக்கப்பட்டது. உயர்வகுப்பு மாணவர்க்கும் 1981இல் தடை வந்தது. ஆசிரியனாகிய எனக்கு இது பெருவியப்பாயிருந்தது. 1960ஆம் ஆண்டளவில் ஆளொருவருக்கு ஆண்டில் 100 லீற்றருக்கு மேல் அருந்திய மக்கள், இன்று அதிற் பாதியும் அருந்துவதில்லை. நாளுக்கு 2 கிண்ணத்துக்கு மேற்படாமலும், சில நாட்களில் முற்றாக விலக்கியும் அருந்தவேண்டும் என்பதே அவ்வரசின் சுகாதார அறிவுரை.

அண்ணர் வீட்டிலும் அதுவே முறை. உணவில்லாமல் மது இல்லை. ஞாயிறு தவிர்ந்த நாட்களிலும் இல்லை. மின்விளக்கின் கீழே, மனைவி மக்கள் முன்னிலையில், ஊர்ப் புதினங்களைப் பேசிக்கொண்டே அவர் ஒரு கிண்ணத்தை முக்கால் மணிநேரம் அருந்துவார். மச்சாள் அரைக்கிண்ணத்தோடு நிறுத்திவிடுவார். பின்னர் தக்கையைச் செருகிப் போத்தலை அலுமாரியில் வைத்துவிடுவார்கள்.

மறுநாட் காலை தேநீர்க் கோப்பை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். போத்தலில் மது பாதிக்குக் குறையாமல் அப்படியே இருந்தது. முடிக்காமல் வைக்கப்பட்ட ஒரு போத்தலை எங்கள் குடும்பத்தில் நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.