பம்பை யார் இயக்குவது?

கோயம்புத்தூர் என்றால் பம்புசெட்டு என்பார்கள். சரிதான். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்த காலத்திலிருந்து இந்த ஊர் பம்பு செய்துகொண்டிருக்கிறது. இங்கே வார்த்து, கடைந்து, பூட்டி அனுப்புகிற பம்புகள் இந்தியா முழுக்கக் கிணற்றிலிருந்தும் ஆழ்துளையிலிருந்தும் தண்ணீர் எடுக்கின்றன. ஆனால் அந்தப் பம்பின் பாகங்களை வார்க்கிற பல சின்ன ஃபவுண்டரிகளில், உருகிய உலோகத்தை உலையிலிருந்து அச்சுவரை கொண்டுபோவது எந்த எந்திரமும் இல்லை. ஒரு லேடில், இரண்டு ஆள்.

உருகிய உலோகத்துக்கும் பம்பு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நான் படித்தது சமூகவியல். தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். விபத்து நடந்த வீட்டுக்கு இழப்பீட்டு மனு எழுதிக் கொடுப்பது அந்த வேலையில் ஒரு பகுதி. அப்படி ஒரு மனுவுக்காக, அலுமினியத்தை எப்படி ஊற்றுகிறார்கள், வேறு எப்படி ஊற்றலாம் என்று தேடிப் படித்தபோதுதான் இந்தப் பம்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மாணவத் தோழர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எந்திரத்தைப் பற்றிய பேச்சை நாம் எஞ்சினியர்களிடம் விட்டுவிடுகிறோம். யாருடைய உடம்பு எந்த வேலைக்கு அனுப்பப்படுகிறது என்று கேட்கிற நாம், அந்தப் பேச்சிலும் உட்கார வேண்டும்.

முதலில் கை வேலையைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் உருகிய இரும்பு ஏறக்குறைய 7 கிலோ. ஐந்து லிட்டர் பிடிக்கும் லேடிலில் 35 கிலோ இரும்பு, லேடிலின் எடை தனி. ஊற்றும்போது அதன் சூடு 1,350 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் அச்சின் மூலைக்குப் போய்ச் சேராமல் உறைந்துவிடும். அதனால் நின்று மூச்சு வாங்க முடியாது. நீளக் கம்பியின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மணல் தரையில், அச்சுப் பெட்டிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். ஒருவர் தடுக்கினால் இருவருக்கும் ஆபத்து.

அலுமினியம் எடையில் குறைவு, 700 டிகிரி சுமாருக்குத்தான் சூடாக்குவார்கள். ஆனால் அதற்கு வேறொரு குணம். உருகிய இரும்பைப் பார்த்தாலே கண் கூசும், யாரும் கிட்டே போகமாட்டார்கள். உருகிய அலுமினியம் வெள்ளித் தட்டு மாதிரி அமைதியாகக் கிடக்கும். சூடாக இருப்பதாகவே தெரியாது. அதில் ஈரம் பட்டால் கதை முடிந்தது. தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். உலோகத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு கரண்டித் தண்ணீர் போதும், மேலே இருப்பதையெல்லாம் வீசி அடிக்க.

நான் மனு எழுதிக் கொடுத்த அண்ணனுக்கு நடந்தது அதுதான். மழைக்காலம், காலை ஷிப்ட். ராத்திரி முழுக்கத் திறந்தவெளியில் கிடந்த லேடிலைச் சூடுகாட்டி உலர்த்தாமல் அள்ளச் சொன்னார்கள். தெறித்த அலுமினியம் அவருடைய கான்வாஸ் ஷூவுக்குள் இறங்கியது. கயிறு கட்டிய ஷூ, அவிழ்ப்பதற்குள் உள்ளேயே உறைந்துவிட்டது. அவர் இருபது வருஷமாக உலோகம் ஊற்றியவர். அருந்ததியர் குடியிருப்பிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் தலைமுறை. “நடக்கறப்பக் கீழ பாக்கக் கூடாதுங் அம்மணி. லேடிலத்தான் பாக்கோணும். காலு தானா எடம் பாத்துக்கும்,” என்றார். அந்தக் காலில் இப்போது இரண்டு விரல் இல்லை.

அவர் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இல்லை, ஒப்பந்தக்காரரின் நோட்டில் இருந்தது. அதைக் காட்டி, “எங்க ஆளே இல்ல” என்றார்கள். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே, ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளிக்கும் முதன்மை முதலாளி பொறுப்பு என்றது. நூறு வருஷம் ஆன விதி. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி பம்பு. அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் பயன்படுகிற இந்தப் பம்பின் அடிப்படை, நம் கிணற்று மோட்டாருக்கு உள்ளதுதான். இம்பெல்லர் சுழலும், திரவம் வெளியே தள்ளப்படும், குழாய் வழியாக அடுத்த பாத்திரத்துக்குப் போகும். மோட்டார் மேலே உலோகத்துக்குத் தொலைவில் இருக்கும். அதிலிருந்து ஒரு நீளத் தண்டு இறங்கும், இம்பெல்லர் உலோகத்துக்குள் மூழ்கியிருக்கும். இதையெல்லாம் எஃகில் செய்ய முடியாது. உருகிய அலுமினியம் இரும்பைக் கரைத்துத் தின்றுவிடும். அதனால் தண்டும் இம்பெல்லரும் கிராஃபைட்டில் செய்கிறார்கள், பென்சில் முனையில் இருக்கிற அதே பொருள். சில இடங்களில் பீங்கான் வகைப் பொருட்கள். கிராஃபைட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. உலோகத்தின் மேல்மட்டத்தில், காற்றும் சூடும் சேருமிடத்தில், அது மெல்ல மெல்ல எரிந்து தேயும். தேய்ந்ததை மாற்ற வேண்டும். பம்பை இறக்குவதற்கு முன் நிதானமாகச் சூடேற்ற வேண்டும், இல்லையென்றால் விரிசல் விடும், ஈரம் இருந்தால் வெடிக்கும்.

இதனால் என்ன லாபம்? லேடிலில் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினால் அலுமினியம் காற்றோடு கலந்து ஆக்சைடு கசடாகிறது. அது போன உலோகம், போன காசு. வார்ப்புக்குள் கசடு சிக்கினால் பாகமே கழிவு. பம்பு மேல்மட்டத்தைக் கலைக்காமல் அடியிலிருந்து எடுத்துத் தருகிறது. விற்பனைக் காகிதங்களை வாசித்தேன். கசடு குறையும், உலோகம் மிச்சமாகும், தரம் சீராகும் என்பதெல்லாம் முதலில். தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் கடைசி வரியில். பம்பு வாங்கலாமா என்று யோசிக்கிற கணக்கில் மிச்சமாகும் உலோகத்துக்குக் கட்டம் இருக்கிறது. அண்ணனின் இரண்டு விரலுக்குக் கட்டம் இல்லை.

இரும்புக்கு இந்தப் பம்பு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சூடு வேறு. மேலும் உருகிய இரும்பு கிராஃபைட்டையே கரைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2017-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு பீங்கான் பம்பைப் பற்றி எழுதினார்கள். உருகிய வெள்ளீயத்தைச் சராசரி 1,200 டிகிரியில் 72 மணி நேரம் ஓட்டினார்கள், 1,400 டிகிரி வரைக்கும் போனார்கள். ஆய்வுக்கூடச் சாதனை அது. இரும்பு ஃபவுண்டரிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. தலைக்கு மேல் தண்டவாளத்தில் தொங்கி நகரும் லேடில், சக்கரத்தைச் சுற்றினால் மெதுவாகச் சாய்கிற பல்லமைப்பு, இவை எல்லாம் பழைய சரக்கு. பெரிய ஃபவுண்டரிகளில் இருக்கின்றன. “முடியாதுங்க” என்று யாராவது சொன்னால், பம்பு முடியாது, தண்டவாளம் முடியும் என்று பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

உருகிய உலோகத்தை ஒரு மனிதக் கையும் தொடாமல் நகர்த்தியே ஆக வேண்டும் என்று முடிவு செய்த இடமும் நம் மாநிலத்தில் இருக்கிறது. கல்பாக்கம். அங்கே 1985-ல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படுகிறது. சோடியம் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதை வாளியில் எடுத்துப்போ என்று எவரும் சொல்லமாட்டார்கள். அந்த உலைக்குப் பம்பில்லாமல் வேலையே இல்லை, அதனால் பம்பு வந்தது.

சோடியம் போன்ற உலோகங்களை நகர்த்த, சுழலும் பாகமே இல்லாத மின்காந்தப் பம்பு ஒன்று உண்டு. பள்ளியில் படித்த ஃபிளெமிங் இடக்கை விதிதான். காந்தப்புலத்தில் மின்சாரம் பாயும் உலோகம் தள்ளப்படும். ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் 1920-களில் பெர்லினில் இப்படி ஒரு பம்பை உருவாக்கினார்கள், குளிர்சாதனப் பெட்டிக்காக. அக்காலப் பெட்டிகளில் நச்சு வாயு இருந்தது. பம்பின் மூட்டு வழியாக அது கசிந்து ஒரு குடும்பமே தூக்கத்தில் இறந்த செய்தியைப் படித்த பிறகு, கசிய வாய்ப்பே இல்லாத பம்பைத் தேடினார்கள் என்பது அதன் வரலாறு. அந்தப் பெட்டி கடைக்கு வரவில்லை. ஆனால் அந்த வகைப் பம்பு பிற்காலத்தில் அணு உலைகளுக்குப் போனது. எவருக்கோ ஒரு சாவு பொறுக்க முடியாததாக இருந்தது, அதிலிருந்து ஒரு எந்திரம் பிறந்தது. எந்தச் சாவு பொறுக்க முடியாதது, எது “தொழில்னா அப்படித்தான்” என்று கடந்துபோகிற சாவு என்பதைச் சமூகம் தீர்மானிக்கிறது.

சின்ன ஃபவுண்டரி முதலாளிகளைப் பேய்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று மேலே இருக்கிற பெரிய கம்பெனி விலையை அடித்து வைத்திருக்கிறது. மூலப்பொருள் விலை ஏறினாலும் அந்த விலை லேசில் ஏறாது. அதில் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: “பம்பு தேஞ்சா நாந்தானுங்க மாத்தோணும். ஆளு தேஞ்சா ஒப்பந்தக்காரரு வேற ஆளு அனுப்புவாரு.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்கு எப்படி ஓடுகிறதோ அதைச் சொன்னார். அந்த “வேற ஆளு” நேற்று நம் சேரியிலிருந்து போனார், இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வருகிறார். தீராமல் கிடைப்பார் என்ற நம்பிக்கையில்தான் பம்பு தள்ளிப்போகிறது.

அப்படியானால் பம்பு வந்துவிட்டால் போதுமா? நான் பழகுகிற குடியிருப்பிலிருந்து ஆட்கள் போகும் இன்னொரு பெரிய ஆலையில் அலுமினியப் பம்பு வந்தது. ஊற்றிக்கொண்டிருந்த நான்கு பேருக்கு அன்றிலிருந்து அந்த வேலை இல்லை. மூன்று பேரை வார்ப்பின் பிசிறு அரைக்கிற ஃபெட்லிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். சூடு போய்த் தூசி வந்தது, ஊற்றுவதற்குக் கிடைத்த கூடுதல் படியும் போனது. நான்காமவரை வரவேண்டாம் என்றார்கள். பம்பை இயக்க டிப்ளமா முடித்த ஒரு தம்பி வந்தார். அவர்மேல் குறையில்லை. ஆனால் அந்த நால்வருக்கும் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்திருக்கலாமே என்று யாரும் யோசிக்கவில்லை. உலோகத்தின் மேல் படரும் தோலைப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பம்பைச் சூடேற்றும்போது அவசரப்படக் கூடாது என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை, உடம்பில் தழும்பாகவே இருக்கிறது.

எந்திரத்தைப் பற்றி அம்பேத்கருக்குத் தயக்கம் இருக்கவில்லை. காந்தியத்தை விமர்சித்து 1945-ல் எழுதியபோது, எந்திரத்தை வெறுப்பது உழைக்கும் மக்களுக்குச் செய்யும் துரோகம் என்கிற பக்கம் நின்றார். மனிதருக்கு ஓய்வு வேண்டும், ஓய்வில்லாமல் பண்பாட்டு வாழ்க்கை இல்லை, அந்த ஓய்வை எந்திரம்தான் தர முடியும் என்று வாதிட்டார். எந்திரத்தால் வரும் கேடுகளுக்குக் காரணம் எந்திரம் இல்லை, அதைச் சிலருடைய லாபத்துக்கு மட்டும் ஓடவிடும் சமூக அமைப்பு என்றார். கைவேலையைப் புனிதம் என்று பாடுகிறவர்களில் லேடில் தூக்கியவர் யாரும் இல்லை. அதனால் “எந்திரம் வந்தால் வேலை போகும்” என்ற பயத்தில் லேடிலையே கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லும் அரசியல் நமக்கு வேண்டாம். பம்பு வரட்டும். கூடவே அதன் பக்கத்தில் இருக்கிற நாற்காலியும் நமக்கு வரட்டும்.

இதை எப்படிக் கேட்பது? போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமான தொழில்களின் பட்டியலில் ஃபவுண்டரிகளையும் வைத்தார்கள். உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளி நியாயமாக அஞ்சினால் அதை நிர்வாகத்திடம் சொல்லலாம், நிர்வாகம் உடனே சரிசெய்து ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஈர லேடில் அப்படிப்பட்ட ஆபத்து. அந்த வரி இருந்ததே அண்ணனுக்குத் தெரியாது. பதிவேட்டில் பெயரே இல்லாதவர் அதை எந்த தைரியத்தில் சொல்வார் என்பது அடுத்த கேள்வி. அதனால் முதல் வேலை, பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது.

உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ அண்ணனோ ஃபவுண்டரிக்குப் போகிறார்கள் என்றால், இந்த வாரம் நான்கு விஷயம் கேளுங்கள். உலோகத்தை யார் தூக்குகிறார்கள், எவ்வளவு எடை? லேடிலைச் சூடுகாட்டி உலர்த்துவது யார் பொறுப்பு? காலில் என்ன போடுகிறார்கள், பேன்ட் ஷூவுக்கு வெளியே விழுகிறதா உள்ளே சொருகியிருக்கிறதா? புதிதாக எந்திரம் வந்தால் யாருக்குப் பயிற்சி தருகிறார்கள்? பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனு எழுதுகிற நாளில் அந்த நோட்டு எவ்வளவு உதவும் என்பது எனக்குத் தெரியும்.

டிப்ளமாவும் ஐ.டி.ஐ.யும் படிக்கிற தம்பி தங்கைகள் உலோகவியலை “நமக்கு எதுக்கு” என்று விடாதீர்கள். அடுத்த பம்பு வரும்போது அதை இயக்கத் தெரிந்த ஒருவர் நம் தெருவிலும் இருக்க வேண்டும். ஏற்கெனவே லேடில் தூக்கிக்கொண்டிருக்கிறவருக்குத்தான் முதல் பயிற்சி என்று கேட்க ஒரு சங்கமும் வேண்டும்.