கொள்ளிடக்கரையிலிருந்து பச்சைமலைக்கு

நான் பிறந்தபோது தா.பழூர் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001 ஜனவரியில் அரியலூர் என்றார்கள். மறு வருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர். எங்கள் வீடு இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை; விலாசத்தில் மாவட்டத்தின் பேர்தான் மாறிக்கொண்டே இருந்தது. கடைசி மாற்றத்தின்போது நான் ஓமனுக்குப் போய்விட்டேன்.

நிஸ்வா என்ற ஊரில் இருந்தேன். சுற்றுலாக்காரர்களை ஜெபல் அக்தர் மலைக்கு ஏற்றிப் போய் இறக்கிக் கொண்டுவருகிற வண்டியோட்டி. அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு திருப்பூருக்குப் போய்விட்டதால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் திருப்பூரோடு சரி. பங்காளிகள் வீட்டுக் கல்யாணத்துக்கும் காசை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துகொண்டேன். இந்தக் கார்த்திகையில்தான் ஊர்ப்பக்கம் வர நேர்ந்தது, வேலையை முடித்துக்கொண்டு.

ஜெயங்கொண்டத்திலிருந்து வரும் பாதையில் முந்திரிக்காடும் தைலமரத் தோப்பும் அப்படியே இருந்தன. செம்மண் முடிந்து வண்டல் தொடங்கும் இடத்தில் காற்றின் வாசனை மாறும். அதுவும் மாறவில்லை. மாறியது கொள்ளிடம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கும்பகோணம் போவதென்றால் கோடையில் மணலில் கால் புதைய நடப்போம், தண்ணீர் வந்துவிட்டால் தோணி. இன்று மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் நடுவே பாலம். மருந்து வாங்கவும் பட்டுப்புடவை எடுக்கவும் நினைத்த நேரத்தில் அக்கரைக்குப் போய் வருகிறார்கள். பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தால், நாங்கள் கபடி விளையாடிய மணல்மேடுகளைக் காணோம். ஆறு இறங்கிப்போய்க் கிடக்கிறது. கீழே அணைக்கரைப் பக்கம் முதலை உண்டு என்பது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. ஆற்றில் இறங்குகிறேன் என்றதும் சித்தி போட்ட சத்தம் பாலம் வரை கேட்டிருக்கும்.

ராத்திரி திண்ணையில் சித்தப்பா விசாரித்தார்.

“அங்க என்னதாம்ப்பா வேலை உனக்கு?”

“மலையில வண்டி ஓட்டுறேன் சித்தப்பா. வெள்ளைக்காரங்க மலை பாக்க வருவாங்க. கூட்டிட்டுப் போயி காட்டணும்.”

“மலை பாக்கறதுக்கா சம்பளம் குடுக்குறான்? சரி, நம்ம பச்சமலைய ஒருநாளாச்சும் ஏறிப் பாத்திருக்கியா நீ?”

பார்த்ததில்லை. சேலம் பஸ்ஸில் போகும்போது பெரம்பலூர் தாண்டி ஜன்னலில் நீலக்கோடாக ஓடும், அவ்வளவுதான். கொள்ளிடக்கரைக்காரனுக்கு ஆறுதான் எல்லாம். ஆனால் மருதையாறு பிறப்பது அந்தப் பச்சைமலையில். பெரம்பலூர் சீமையில் ஓடி, எங்கள் ஊருக்கு மேற்கே கொள்ளிடத்தில் வந்து சேர்கிறது. நாங்கள் குளித்த தண்ணீரில் அந்த மலையின் பங்கும் இருந்திருக்கிறது.

மறுநாள் விடியக்காலையில் சித்தப்பா மகன் வண்டியை எடுத்தான். உடையார்பாளையம் வழியாக அரியலூர். சிமென்ட் லாரிகளுக்கு நடுவே போகும் அந்தச் சாலையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த லாரிகள் ஏன் அங்கே ஓடுகின்றன என்பது பெரிய கதை. டைனோசர்கள் திரிந்த கிரெடேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆனது. சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமென்ட் ஆலைகள் வந்தன. சுரங்கம் வெட்டும்போது நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் கல் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதைப் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டோம். இப்போது வாரணவாசியில் அவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்குச் சொன்னார். வயது சுமார் 12 கோடி ஆண்டு. ஓமன் மலைகளிலும் கடல் ஓடுகள் கிடைக்கும். அங்கே ஒரு ஜெர்மன்காரர் அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. சாத்தனூரில் நாங்கள் போன நேரம் எங்களைத் தவிர யாரும் இல்லை.

பெரம்பலூர் தாண்டியதும் சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். லாடபுரத்தில் ஊருக்குப் பின்னால் மலையடிவாரத்தில் மயிலூற்று அருவி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் தண்ணீர். மாசி பிறந்துவிட்டால் பாறையைத்தான் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் இருந்தது. குளிர்ந்த தண்ணீர் முதுகில் அறைந்ததும் என் வயசில் பாதியைக் காணோம். ஆனால் ஏறிப்போகும் பாறை இடுக்கில் உடைந்த பாட்டில்கள். வெறுங்காலோடு ஏறிய ஒரு பையனின் குதிகாலில் சில்லு ஏறி, அவனுடைய அம்மா முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். விசுவக்குடியில் கொஞ்ச நேரம் நின்றோம். பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றை மறித்துக் கட்டிய அணை. காற்று நன்றாக இருந்தது.

மலைமேல் ஏற துறையூர் சுற்றிப் போனோம். சோபனபுரத்திலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. மேலே டாப் செங்காட்டுப்பட்டி. ஓமனில் 2,000 மீட்டர் உயரத்தில் வண்டி ஓட்டியவனுக்கு இந்த ஏற்றம் பெரிதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கே மலை மொட்டைப் பாறை. இங்கே வளைவுக்கு வளைவு மரம், மரத்துக்கு மரம் பறவைச் சத்தம். மேலே போனதும் சமவெளி போல விரிகிறது. சாமை வயல், மரவள்ளி, வீட்டுக்கு வீடு பலா.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்தவர் இல்லை, தமிழ் பேசும் பழங்குடியினர். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். பெரியவர் ஒருவர் “வாங்க தம்பி, உக்காருங்க” என்று பாயை உதறிப் போட்டார். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்ட கதையை அவர்தான் சொன்னார். எந்த அண்ணன் எந்த மலை என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறும். கல்வராயனிலும் கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் இதே கதை உண்டு. பிறகு எங்களைக் காட்டுப்பாதையில் கூட்டிப் போனார். கடுக்காய் மரத்தைத் தட்டிக் காட்டினார். மழை இறங்கினால் எந்த ஓடை முதலில் பொங்கும், எந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது, தேன் எடுக்க எந்தப் பக்கமாகக் கயிறு கட்டுவார்கள் என்று நடந்துகொண்டே சொன்னார். ஒரு விளிம்பில் நிறுத்தினார். கீழே ஏரி ஏரியாகப் பெரம்பலூர் சீமை முழுக்கத் தெரிந்தது.

இப்படி ஒருவர் கூட வந்து நடப்பதற்கு ஜெபல் அக்தரில் என்ன கூலி என்று எனக்குத் தெரியும். இந்தப் பெரியவர் வாங்க மறுத்தார். பேத்தி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இறங்கும்போது தம்பி சொன்னான்: “ஒரு ரோப் கார் விட்டா எவ்ளோ கூட்டம் வரும்ணே!”

வரும். அந்தக் கூட்டத்தின் காசு யார் பைக்குப் போகும் என்பதுதான் என் கேள்வி. ஜெபல் அக்தர் அடிவாரத்தில் போலீஸ் சோதனைச் சாவடி உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாவிட்டால் மேலே விடமாட்டார்கள். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். அதே மலைத்தொடரில் மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் என்ற பழைய கிராமம். ஊர்க்காரர்களே தங்கள் மண்வீடுகளைச் செப்பனிட்டு விருந்தாளிகளைத் தங்க வைக்கிறார்கள். பேரீச்சைத் தோட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதை விருந்தாளி உட்கார்ந்து பார்ப்பார், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுவார். 2021-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு சிறந்த கிராமங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. சித்திரை வாக்கில் மேலே ரோஜா பூக்கும். பன்னீர் வடிக்கும் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கவே ஐரோப்பாவிலிருந்து வருவார்கள். சாமை அறுப்பும் பலாப்பழக் காலமும் அதற்கு எந்த வகையில் குறைச்சல்? பக்கத்தில் கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள்கள் போடும் கூச்சலைக் கேட்டவர்கள் பச்சைமலைக்கும் அதுவே வரட்டும் என்று சொல்ல மாட்டார்கள். மலைமேல் வேண்டியது கூட வர உள்ளூர் ஆள், தங்க ஒரு திண்ணை, அடிவாரத்தில் பாட்டிலைப் பிடுங்கி வைக்க ஒரு காவலர். இரும்பும் கயிறும் வேண்டியதில்லை என்பது என் கட்சி. தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் ஸ்ரீபுரந்தான் போனேன். எங்கள் ஒன்றியத்து ஊர்தான். அங்குள்ள சிவன் கோயிலிலிருந்து களவு போன நடராசர், சுபாஷ் கபூர் என்ற சிலை வியாபாரி கைமாறி, 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் விலைக்கு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார். 2014 செப்டம்பரில் அந்த நாட்டுப் பிரதமரே டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார். என்னைப் போலவே வெளிநாடு போய்த் திரும்பியவர். எனக்காவது சித்தப்பா வீட்டுத் திண்ணை கிடைத்தது, அவரைப் பாதுகாப்பு மையத்துக்கு அல்லவா அனுப்பினார்கள். கோயிலைச் சுற்றி வந்தேன். கங்கைகொண்டசோழபுரத்துக்கு வருகிற பஸ்களில் ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்புவதாகத் தெரியவில்லை.

வர நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. கார்த்திகை, மார்கழியில் வாருங்கள்; அடைமழை நாளில் அருவிப்பக்கம் போகாதீர்கள், ஓடை சொல்லிக்கொண்டு பெருகாது. ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள காலணி போடுங்கள். காட்டுக்குள் நடப்பதென்றால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். கொண்டுபோன பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். வழிகாட்ட வருகிறவர் வேண்டாம் என்றாலும் கூலியைக் கொடுத்துவிடுங்கள். போகும் வழியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனையும் கும்பிட நினைத்தால் திங்கள் அல்லது வெள்ளியாகப் பார்த்துக் கிளம்புங்கள். வாரத்தில் அந்த இரண்டு நாளில்தான் அங்கே நடை திறப்பார்கள்.