பாரம் எந்த ஊரில் படிக்கப்படுகிறது?

யூ.பி.எஸ்.ஆர். எழுதிய நமக்கு 2பி பென்சிலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறியிட்ட இடத்தில் ஒளி குறைவாகத் திரும்பும். அதைக் கொண்டு இயந்திரம் விடையை அறியும். 2021இல் அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டது. எஸ்.பி.எம். புறவயக் கேள்விகளுக்கு அதே பென்சில்தான் கைகொடுத்தது. அந்தத் தாள்களுக்கு இணைய வசதி ஏதும் தேவையில்லை. கட்டுக்கட்டாக ஏற்றி ஓரிடத்தில் சேர்த்தால் போதும். அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட, நாடெங்கிலும் நிரப்பப்பட்ட படிவங்களை நான்கே மையங்களில் வைத்துத்தான் இயந்திரங்கள் படித்தன. தாளைக் கொடுத்தவர் முடிவுக்காகக் காத்திருக்கத் தயாராக இருக்கிறார். ஆகவே தாள் மெதுவாகப் போகலாம்.

ஆனால், தாளைக் கொடுத்தவர் முகப்பிலேயே நிற்கிறார் என்றால்?

இந்தக் கேள்வி எனக்குத் தொழிற்பயிற்சியின்போது எழுந்தது. ஒரு கூட்டுறவுக் கழகத்தின் உறுப்பினர் பாரங்களைக் கணினியில் ஏற்றித் தரும் சிறிய நிறுவனம் அது. தலைமையகம் கிள்ளான் பள்ளத்தாக்கில். கழகத்தின் கிளைகளோ பேராக்கிலும் பகாங்கிலும் சிறுசிறு பட்டணங்களில் இருந்தன. கிளைகளை எந்த வழியில் தலைமையகத்தோடு இணைப்பது என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. (தமிழாசிரியர்கள் 'படிவம்' என்று திருத்துவார்கள். எங்கள் வீட்டில் அது 'பாரம்'தான். சுமக்கிறவர்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.)

முதலில் கணக்கு. ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 8.7 மில்லியன் புள்ளிகள். வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் 26 மெகாபைட். வெறும் கறுப்பு வெள்ளை என்றால் 1.1 மெகாபைட். அதையும் தொலைநகல் இயந்திரங்களுக்காக 1980களில் வகுத்த முறைப்படி சுருக்கினால் 50 கிலோபைட் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கிளையில் ஒரு நாளைக்கு 200 பாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 மெகாபைட். நொடிக்கு 512 கிலோபிட் ஏற்றும் வேகமுள்ள மெலிந்த இணைப்பில்கூட மூன்று நிமிடத்துக்குள் போய்விடும். வண்ணத்தில், தாளுக்கு 500 கிலோபைட் என்றால் 26 நிமிடம்.

'ஏற்றும் வேகம்' என்பதைக் கவனியுங்கள். இணையச் சேவை விற்பவர் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறக்கும் வேகத்தை. படம் பார்ப்பவருக்கு அது போதும். பாரம் அனுப்புகிறவருக்கு எதிர்த்திசை அல்லவா வேண்டும்? பழைய ஏ.டி.எஸ்.எல். செம்புக் கம்பிகளில் இந்த இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அதனால் என் அட்டவணையில் விளம்பர வேகத்துக்குக் கட்டமே போடவில்லை.

கறுப்பு வெள்ளையே சிக்கனம் என்று அதோடு அறிக்கையை முடித்திருக்கலாம். கைநாட்டு குறுக்கே வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் இன்னும் பெருவிரலை ஒற்றுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் அந்த ரேகை மைக்கறையாகி விடுகிறது. அந்தப் பகுதியை மட்டும் சாம்பல் நிறச் சாயல்களோடு எடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தேன்.

இனி, வழிகள். தாளையே கூரியரில் அனுப்புவது ஒன்று. பகலில் ஸ்கேன் செய்து, படங்களை இரவில் மொத்தமாகத் தலைமையகத்துக்கு அனுப்பி, அங்கே எழுத்துகளைப் படிக்க வைப்பது இன்னொன்று. கிளையிலுள்ள கணினியை வெறும் திரையாக வைத்துத் தலைமையகக் கணினியிலேயே வேலை செய்வது மூன்றாவது. இதில் ஒவ்வொரு விசையழுத்தமும் போய்த் திரும்ப வேண்டும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வகைத் துணைக்கோள் வழியாகச் செய்தால் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகும். எழுத்தர் பொறுமை இழந்து விடுவார். 2023இல் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்கின் கோள்கள் 550 கிலோமீட்டர் அளவில் பறப்பதால் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். நான்காவது வழி, கிளையிலேயே எழுத்துகளைப் படித்துச் சரிபார்த்து, விவரத்தை உடனேயும் படத்தை இரவிலும் அனுப்புவது.

கழகம் அப்போது இரண்டாவது வழியில் இருந்தது. அதைப் பார்க்கத்தான் பேராக்கில் ஒரு கிளைக்குப் போனேன். செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கையில் தலைமையகக் கடிதம். 'விவரம் பொருந்தவில்லை, நேரில் வரவும்' என்று மலாயில் இருந்தது. அவர் பாரம் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார்.

"நான் என்னம்மா தப்பாக் குடுத்துட்டேன்? கிராணிதானே எழுதிக் குடுத்தாரு. இன்னிக்கு சம்பளமும் போச்சு."

பாரத்தின் படத்தைத் திரையில் எடுத்துப் பார்த்தோம். அவர் தவறாக எதையும் கொடுக்கவில்லை. அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 4. கிராணியின் பேனாவில் அதன் தலை மூடிக்கொண்டதால் இயந்திரம் 9 என்று படித்திருக்கிறது. நம் எண்ணில் கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். பாரத்தில் பெண் என்று குறியிட்டிருக்கிறது. கணினி அந்த முரண்பாட்டைச் சரியாகவே கண்டுபிடித்தது. ஆனால் இரவில், தலைமையகத்தில் கண்டுபிடித்தது. எழுத்தர் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினார். பத்து நொடிகூட ஆகவில்லை. அந்த அம்மா எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தச் சரிபார்ப்புக்கு இணைய இணைப்பே தேவையில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியோடு ஒத்துப்போகின்றனவா, கடைசி இலக்கம் பாலினத்தோடு பொருந்துகிறதா என்று எந்தப் பழைய கணினியும் அங்கேயே பார்த்துவிடும். எல்லாப் பிழையும் அகப்பட்டுவிடாது. நடுவிலுள்ள பிறந்த மாநில எண்ணில் 07ஐ 01 என்று படித்தால் பினாங்கில் பிறந்தவர் ஜொகூரில் பிறந்தவராகி விடுவார். இரண்டுமே செல்லும் எண்கள். நம் பெயர்கள் இன்னும் மோசம். ஏ-க்கும் எல்-லுக்கும் நடுவிலுள்ள சாய்கோட்டை இயந்திரம் ஒன்று என்றோ ஐ என்றோ படிக்கும். தகப்பனார் பெயர் நீளமென்றால் கட்டங்கள் தீர்ந்து பாதியில் நிற்கும். இவற்றைப் பிடிக்க மனிதக் கண்தான் வேண்டும். பாரத்துக்கு உரியவர் எதிரே நிற்கும்போது, "ஐயா, இது சரிதானா?" என்று கேட்கலாம். அதற்கு ஈடான மென்பொருள் எதையும் நான் பார்க்கவில்லை.

ஆகவே நான்காவது வழியைப் பரிந்துரைத்தேன். என் மேற்பார்வையாளர் எளிதில் விடவில்லை. கிளைக்குக் கிளை உரிமக் கட்டணம், மென்பொருளைப் புதுப்பிக்க யார் போவது, கிளைக் கணினி திருடுபோனால் அத்தனை அடையாள அட்டை எண்களும் போகுமே என்று அடுக்கினார். கடைசிக் கேள்வி நியாயமானது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சும்மா இருக்காது. வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்வது, படம் தலைமையகம் சேர்ந்ததும் கிளையில் அழித்துவிடுவது என்று இரண்டு பக்கம் கூடுதலாக எழுதினேன். கட்டணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாவின் ஒரு நாள் கூலியையும் இரண்டு பேருந்துக் கட்டணத்தையும் செலவுப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தேன். "இது நம் செலவு இல்லையே" என்றார். சிறிது நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை.

நான் பயிற்சி முடித்துக் கிளம்பும்போது ஐந்து கிளைகளில் மூன்று மாறியிருந்தன. நான்காவது கிளைக்குக் கணினி வரவேண்டியிருந்தது. ஐந்தாவது பகாங்கில், மலையடிவாரத்தில். அங்கே மழை பெய்தால் கைப்பேசி அலைவரிசையும் போய்விடும். அந்தக் கிளையிலும் சரிபார்ப்பு முகப்பிலேயே நடக்கிறது. படங்கள் மட்டும் மறையாக்கம் செய்த பென்டிரைவில், முத்திரையிட்ட உறையில், வெள்ளிக்கிழமைதோறும் கழகத்தின் வேனில் தலைமையகத்துக்கு வருகின்றன.