கல்லும் கண்ணீரும்

கேமரன் மலையில் கொழுந்து துளிர்க்காத மாதம் இல்லை. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் கொழுந்தெடுப்பு நடைபெறுகின்றது. இலைகள் உதிர்ந்து, மண் உறைந்து, பயிர் மாளும் கடுங்குளிர்ப் பருவத்தை அம்மலைப் பிள்ளைகள் அறியார். அத்தகைய பருவம் உலகில் எவ்வாறு வந்தது என்பதற்குப் பண்டை உரோமர் ஒரு கதை கூறினர். அது ஒரு தாயின் கதை.

சீரிஸ் என்பவள் தானியங்களைக் காக்கும் தெய்வம். அவள் மகள் புரோசெர்ப்பினா மலர் கொய்துகொண்டிருந்தபோது, பாதாள வேந்தனாகிய புளூட்டோ அவளைக் கவர்ந்து சென்றான். மகளைத் தேடி அலைந்த தாயின் துயரால் மண் விளைச்சலை மறந்தது. தேவர் தலைவனாகிய ஜூபிடர் மனமிரங்கினான். ஆயினும் மகள் பாதாளத்து மாதுளை மணிகளைச் சுவைத்துவிட்டாள். ஆகவே, பாதி ஆண்டு தாயிடமும் பாதி ஆண்டு கணவனிடமும் அவள் வாழவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மகள் வரும் காலம் வசந்தம். பிரியும் காலம் குளிர். நம் சாவித்திரி எமனிடமிருந்து கணவனை முழுமையாக மீட்டாள். சீரிஸ் மீட்டதோ பாதியே.

இக்கதையை 1621-22ஆம் ஆண்டுகளில் பெர்னினி என்னும் இத்தாலியச் சிற்பி சலவைக்கல்லில் வடித்தார். அப்போது அவருக்கு வயது 23. உரோமாபுரியின் போர்கீசு கலைக்கூடத்தில் இன்றும் அச்சிற்பம் நிற்கின்றது. புளூட்டோவின் விரல்கள் அழுந்திய இடத்தில் கல் தசையாகக் குழைகின்றது. அவன் முகத்தைக் கையால் தள்ளித் திமிறுகிறாள் அவள், கன்னத்தில் கண்ணீர்த்துளி. காலடியில் மூன்று தலை நாய் காவல் கிடக்கின்றது. தாய் மட்டும் அங்கே இல்லை.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது நம்மவர் பழமொழி. பெர்னினியின் கல்லோ பிள்ளைக்காக அழுகின்றது. பிரிவு பிள்ளைக்கும் வலிக்கும் என்பதை அது காட்டுகின்றது.

தேயிலை மலையை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்ற பிள்ளைகளை எவரும் கவர்ந்து செல்லவில்லை. கல்வியும் பிழைப்பும் அழைத்தன. இன்று அங்கே கொழுந்தெடுப்போருள் பலர் வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் ஊரில் தாய்மார் உண்டு. ஓரிடத்துச் சோற்றை உண்டவர் அவ்விடத்துக்கு உரியவராகிவிடுகின்றார். மாதுளை மணி உணர்த்தும் உண்மை அதுவே.

சீரிஸுக்குக் கிடைத்த பாதி ஆண்டை எந்தத் தோட்டத்துத் தாயும் கேட்பதில்லை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பிள்ளை வாசலில் வந்து நின்றால் போதும். அவளுக்கு அதுவே வசந்தம்.