இரண்டு தட்டும் ஒரு குரலும்

சென்ற வருடம் எங்கள் வீட்டுக் கணினியின் வன்தட்டு ‘டிக், டிக்’ என்று இரண்டு நாள் முனகிவிட்டு நின்றுபோனது. அதற்குள் மூத்தம்மா பாடிய கவிகள் ஆறு இருந்தன. மூத்தம்மா இப்போது இல்லை. உம்மாவின் பழைய கைபேசியில் ஒரேயொரு பதிவு தப்பியிருந்தது.

இம்முறை காக்கா ஒரு டெராபைற் தட்டுகள் இரண்டை வாங்கி வந்தார். டெபியன் லினக்ஸை நிறுவ முன்னரே இரண்டையும் ‘ரெயிட்’ முறையில் இணைக்க வேண்டுமாம். பணிசெயல் முறைமையும் அந்த இணைப்பின் மேல்தானே குடியேற வேண்டும்! வீடு கட்டிய பிறகு அத்திவாரம் போட முடியுமா என்று கேட்டார்.

நிறுவியில் தட்டுகளைப் பிரிக்கும் திரை வந்ததும் காக்கா கடைக்குப் போய்விட்டார். எந்த ரெயிட் என்று அது கேட்டது. நான் பூச்சியத்தைத் தெரிந்தேன். இரண்டு டெராபைற் என்று காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்தவர் தலையில் கை வைத்தார். “தங்கச்சி, பூச்சியமெண்டா ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டா வெட்டி ரெண்டிலயும் பங்கு வைக்கும். ஒண்டு செத்தா மத்ததும் செத்த மாதிரித்தான்.”

1988இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரைதான் ரெயிட் என்ற பெயரைப் பரப்பியது. அதில் 1 முதல் 5 வரை மட்டுமே இருந்ததாம். பூச்சியம் பிறகு ஒட்டிக்கொண்டது. அது தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன்!

அழித்துவிட்டு 1ஐத் தெரிந்தோம். இது கண்ணாடி மாதிரி. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் விழும். உம்மா எட்டிப் பார்த்தார். “ரெண்டுக்குக் காசி குடுத்துப்போட்டு ஒண்டுட எடம்தானா? நட்டமில்லையா மகள்?” நான் மூத்தம்மாவின் பதிவைப் பற்றிச் சொன்னேன். பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

தட்டுகள் ஒன்றையொன்று ஒத்துக்கொள்ள இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் எடுத்தது. மறுநாள் காலை, கணினியை நிறுத்தி முதல் தட்டின் வயரைக் கழற்றிப் பரீட்சித்தோம். கறுப்புத் திரை! என் நெஞ்சு திக்கென்றது. தொடக்கி வைக்கும் ‘கிரப்’ முதல் தட்டில் மட்டுமே பதிந்திருந்தது. வயரை மாட்டி, இரண்டாவதிலும் அதைப் பதித்து, மறுபடி கழற்றினோம். ஒற்றைத் தட்டிலேயே எழுந்து வந்தது. நிலைமையைக் காட்டும் வரியில் இரண்டு ‘யூ’ இருந்த இடத்தில் ஒரு கோடும் ஒரு ‘யூ’வும். பிறகு கழற்றியதையும் சேர்த்துவிட்டோம்.

கடைசியாக அந்தப் பதிவை ஏற்றினேன். பாட்டுக்கு நடுவில் மூத்தம்மா இருமி, “நிப்பாட்டு புள்ள, தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்கிறார். உம்மா அந்த இடத்தைத்தான் மூன்று தரம் கேட்டார்.

“கை தவறி அழிச்சா ரெண்டிலயும் அழியும். கண்ணாடிக்கு அது தெரியாது” என்றார் காக்கா. ஆகவே இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்தோம். அது இப்போது கல்முனையில், மாமி வீட்டு அலுமாரியில், அவருடைய நகைப் பெட்டிக்குள் இருக்கிறது.